இருபத்திமூன்று கிலோவும் ஒரு கைப்பையும்

கைப்பையா, பெரிய பெட்டியா என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆனது. எங்கள் கல்யாணத்தையே இரண்டு நாளில் பேசி முடித்துவிட்டார்கள்.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான், தனியாக இருக்கிறான். நான் கம்பத்தில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். "இனிமேலாச்சும் லீவு கிடைக்கலைன்னு சொல்லாம வாம்மா" என்று அவன் மாசி மாதத்துக்கு டிக்கெட் போடக் கிளம்பினான். எனக்கு எண்பத்தைந்து நாள். அவன் அப்பாவுக்கும் அதேதான் போட இருந்தான். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"எனக்குப் பத்து நாளைக்கு மேல ஆகாது. கவாத்து இருக்கு."

கூடலூரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் திராட்சைப் பந்தல். பழம் வெட்டி முடித்துக் கொடிக்கு ஓய்வு விட்டிருந்த சமயம் அது. ஓய்வு முடிந்ததும் பழைய கிளைகளை ஒட்ட வெட்டிவிட வேண்டும். அந்தக் கவாத்தை நாள் பார்த்துச் செய்தால்தான் அடுத்த காய்ப்பு. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கவாத்துக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். மேலே நின்று பார்க்க என் தம்பி இருக்கிறான், அவனும் இருபது வருஷமாகப் பந்தல் வைத்திருப்பவன்தான். கவாத்து ஒரு சாக்கு.

காரணம் வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் மகன் லீவில் வந்திருந்தபோது பழம் வெட்டு நடந்தது. பத்துப் பதினைந்து ஆட்கள் பந்தலுக்குள் நின்றார்கள். இவர் அந்த வாரம் மருந்தடித்துவிட்டு இருமிக்கொண்டே இருந்தார். மகனுக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காததை வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வைத்து, "இந்தக் கொடிய எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டுத் தென்னைய வைங்கப்பா, இன்னும் எத்தன வருஷம் மருந்தடிச்சே சாவீங்க" என்றான். இவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "இனி இந்தப் பந்தலுக்குள்ள நீ கால வைக்காத" என்றார். அவன் வைக்கவில்லை. அந்தப் பயணம் முடிந்து போனவன் ஊருக்கே வரவில்லை.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு என் வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். ஸ்பீக்கரில்தான் போடுவேன். "அப்பா நல்லா இருக்காகளாம்மா?" என்பான் அவன். இவர் ரெண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார், காது நன்றாகவே கேட்கும். நான் திரும்பி, "நல்லா இருக்கீகளான்னு கேக்குறான்" என்பேன். "இருக்கேன்னு சொல்லு" என்பார். அதை அவனும் கேட்டிருப்பான். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். "இருக்காகளாம்." தபால்காரருக்காவது ஞாயிறு விடுமுறை உண்டு, எனக்கு அன்றைக்குத்தான் வேலையே.

எங்கள் தெருவில் இப்படி அப்பனும் மகனும் பேசாமலே இருந்து, கடைசியில் கொள்ளி வைக்கிற அன்றைக்கு மட்டும் மகன் வந்த வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டைக் கடந்துதான் நான் தினமும் பஸ்ஸுக்குப் போனேன். எனக்கு அதுதான் பயம். இந்தப் பயணத்தில் இவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்றால் இனிப் பேசவே மாட்டார்கள். பத்து நாளில் ஒன்றும் நடக்காது. முதல் நாலு நாள் அசதியிலும் குளிரிலும் போய்விடும், கடைசி இரண்டு நாள் கிளம்புகிற பரபரப்பு. மிச்சம் நாலு நாளில் இந்த இரண்டு ஊமைக் கோட்டான்களும் என்ன பேசிவிடப் போகிறார்கள்?

அதனால்தான் பெட்டிக்குச் சண்டை போட்டேன். பெரிய பெட்டியோடு போகிற மனுஷன் அங்கே போய் அதைத் திறந்து, துணிமணிகளை அலமாரியில் அடுக்கி, கொஞ்சம் உட்காருவார். கைப்பையோடு போகிறவர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரிதான் நிற்பார். பத்து நாளுக்குத் திரும்புகிற டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மகன் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தான். மாற்றுவதற்குச் சட்டை வேண்டாமா?

"ரெண்டு சட்டை, ரெண்டு வேட்டி, ஒரு ஸ்வெட்டர். ஒரு கைப்பை போதும்" என்றார்.

"ரெண்டு சட்டைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணு போடுவேன். ஒண்ணு தொவைப்பேன்."

துவைப்பாராம். கல்யாணம் ஆகி முப்பத்துமூன்று வருஷத்தில் ஒரு கைக்குட்டையை நனைத்ததில்லை.

இதில் மகன் வேறு எண்ணெய் ஊற்றினான். "ரெண்டு எடத்துல விமானம் மாறணும்மா. பெட்டி போட்டா எங்கயாச்சும் தவறிரும். நீயும் கைப்பையோட வந்தா நல்லது. இங்கன எல்லாம் கெடைக்கும்." எல்லாம் கிடைக்குமாம். நான் எண்பத்தைந்து நாளைக்கு ஏழு கிலோவில் போக வேண்டுமாம். கருப்பட்டி அங்கே கிடைக்குமா, அரைத்த மிளகாய்த்தூள் கிடைக்குமா, எங்கள் வீட்டு இடியாப்ப உரல் கிடைக்குமா? "டீச்சரம்மா கடை போடப் போறாக" என்று இவர் என் தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். கோபம் வந்தால் எனக்கு அவர் 'என்னங்க', கிண்டல் வந்தால் அவருக்கு நான் 'டீச்சரம்மா'.

கடைசியில் ஆளுக்கொரு பாதி ஜெயித்தோம், அதாவது இரண்டு பேரும் தோற்றோம். இவருக்குக் கைப்பைதான். ஆனால் இவர் டிக்கெட்டுக்கு உண்டான இருபத்திமூன்று கிலோவை வீணாக விட முடியாது என்று இரண்டாவது பெட்டி ஒன்றையும் நான் நிரப்பினேன். அந்தப் பெட்டி ஒரு வாரம் கூடத்தில் திறந்தே கிடந்தது. இவருடைய சட்டைகளை நான் அதில் அடியில் ஒளித்து வைப்பேன், மறுநாள் பார்த்தால் அவை அலமாரிக்குத் திரும்பியிருக்கும். நாலு தடவை வைத்தேன், நாலு தடவையும் எடுத்துவிட்டார். பேசி எடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். பேசாமல் எடுத்தார்.

அந்த வாரம் மகன் வீடியோவில் வந்தான். வாடகைக்கு இருக்கிற வீட்டைச் சுற்றிக் காட்டினான். அடுப்படி, நான் படுக்கப்போகிற அறை, பின்பக்கம் சின்னதாக ஒரு தோட்டம். வேலி முழுக்க ஏதோ காய்ந்த சுள்ளி பின்னிக் கிடந்தது.

"அது என்னடா குப்பை?"

"திராட்சைம்மா. முன்னாடி இருந்தவுக வச்சது. காஞ்சு போச்சு. பிடுங்கிப் போட்டுரலாம்னு வீட்டுக்காரம்மா சொல்றாக. வெயில் வரட்டும் பாப்போம்னு சொல்லியிருக்கேன்."

இவர் எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து மருந்தடிக்கிற மெஷினின் மூக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற பிள்ளை வீட்டைக் காட்டுகிறான், ஒரு நிமிஷம் தலையைத் திருப்பினால் என்ன? நான் அவனிடம் அலமாரி எத்தனை என்று கேட்கப் போய்விட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எடை பார்க்க வேண்டும். பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கிற சின்னத் தராசு கடையில் விற்கிறது, வாங்கு என்றாள் அல்லிநகரத்தில் இருக்கிற என் தங்கை. "ஊரே பழம் எடை போடுது, இதுக்குன்னு ஒரு தராசா" என்று இவர் இரண்டு பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிப் பழம் எடை போடுகிற ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே எடை பார்க்கிறவர் இருபத்தைந்து வருஷமாக அதே வேலையில் இருப்பவர். எங்கள் தோட்டத்துப் பழம் முழுக்க அவர் கையால்தான் எடை போயிருக்கிறது. தராசின் எண்கள் அவர் பக்கம் பார்த்திருக்கும். அவர் சத்தமாகச் சொல்வார், எதிரே நிற்கிறவர் எழுதிக்கொள்வார். நடுவில் யாரும் எட்டிப் பார்க்கிற வழக்கமில்லை. எட்டிப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

முதல் பெட்டியைத் தூக்கி வைத்தார். "இருபத்திமூணு." எழுதினேன். இரண்டாவது. "இருபத்திரெண்டே முக்கா." எழுதினேன். எவ்வளவு கச்சிதம் என்று எனக்கே பெருமை. கணக்கு டீச்சர் கட்டின பெட்டி என்றால் சும்மாவா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வாடகைக் காரில் குமுளி ஏறி, மலைப்பாதையில் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்து, மத்தியானம் கொச்சி விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். இவருக்கு ஒன்றுமில்லை. கோட்டயத்துக்குப் பழலாரியில் போய் வந்தவருக்கு அந்த வளைவெல்லாம் தாலாட்டு. வழி முழுக்க மலையாளத்தில் டிரைவரோடு பேசிக்கொண்டே வந்தார். பெற்ற மகனோடு தமிழில் பேச வராத மனுஷன்.

கவுண்டரில் பெட்டியை வைத்தேன். இவர் முகம் கழுவப் போயிருந்தார். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு இருக்கு மேடம்" என்றாள். அடுத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

"உங்க மெஷின் தப்பு" என்றேன். அப்படித்தான் சொன்னேன், மறைக்க ஒன்றுமில்லை. "எங்க ஊர்ல எடை போட்டுத்தான் கொண்டுவந்திருக்கோம்." அவள் சிரித்தாள். என் பின்னால் நின்ற வரிசை சிரிக்கவில்லை. நான் ஷெட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"இருபத்திமூணுன்னு சொன்னீங்க, இங்கன இருபத்தஞ்சு காட்டுதே?"

"ஆமா டீச்சரக்கா, தராசுல இருபத்தஞ்சுதான் காமிச்சது. ரெண்டு கழிச்சுத்தான சொன்னேன்."

"எதுக்குக் கழிச்சீங்க?"

"ட்ரேக்கு."

"எந்த ட்ரேக்கு?"

நான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்ட மாதிரி மெதுவாக விளக்கினார். "வெறுங்கூட்டோட எடைய எதுக்குக்கா சேக்கணும்? உள்ள இருக்குற சரக்குக்குத்தான எடை சொல்லணும்."

பழம் பிளாஸ்டிக் ட்ரேயில் வரும். காலி ட்ரேயின் எடை இரண்டு கிலோ. இருபத்தைந்து வருஷமாகத் தராசில் எதை வைத்தாலும் இரண்டைக் கழித்துவிட்டுத்தான் அவர் வாய் திறந்திருக்கிறது. என் பெட்டிக்கும் கழித்திருக்கிறார். அவர் நியாயத்தில் அதில் ஒரு தப்பும் இல்லை. இதற்கு நான் யாரைத் திட்டுவது?

கூடுதல் எடைக்குப் பணம் கட்டலாம் என்றாள் அந்தப் பெண். கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் பின்னால் வந்த பாடெல்லாம் இல்லை. ஆனால் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் விடவில்லை. என் கைப்பை ஏழு கிலோ நிறைந்துவிட்டது. இவர் கைப்பையில் இரண்டு சட்டையும் இரண்டு வேட்டியும் ஸ்வெட்டருமாக மூன்று கிலோகூட இல்லை. பெட்டிகளில் கூடுதல் நாலு கிலோ, கைப்பையில் காலி இடம் நாலு கிலோ. விடை சரியாக வருகிற கணக்கை யார் விடுவார்கள்? அங்கேயே தரையில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் திறந்தேன். வரிசையில் நின்றவர்கள் என் உள்பாவாடை உட்பட எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டேன், மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டேன். முதல் பெட்டியிலிருந்து கருப்பட்டியை எடுத்தேன். இரண்டாவதில் கையை விட்டுத் துழாவியபோது பச்சைக்கரைத் துண்டில் சுற்றின இரும்பு மாதிரி ஒரு சாமான் கைக்கு அகப்பட்டது. இடியாப்ப உரலை நான்தான் அப்படிச் சுற்றி வைத்திருந்தேன். பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். என் கை போனது, அதுதான் வினை. அதையும் கடலைமிட்டாய்ப் பொட்டலங்களையும் இவர் கைப்பையில் திணித்து ஜிப்பை இழுத்தேன். பெட்டிகள் உள்ளே போயின. இவர் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி வந்தார்.

"பை கனக்குதே" என்றார்.

"கனக்கட்டும்" என்றேன்.

பாஸ்போர்ட்டில் முத்திரை எல்லாம் குத்தி முடித்து, கைப்பைகளைச் சோதிக்கிற இடத்துக்கு வந்தோம். இவர் பையைத் தனியாகத் தள்ளிவிட்டார்கள். சோதனை செய்கிற பெண் திறக்கச் சொன்னாள். கருப்பட்டி வந்தது, மிட்டாய் வந்தது, பச்சைக்கரைத் துண்டு வந்தது. அவள் துண்டைப் பிரித்தாள்.

உரல் இல்லை. கவாத்துக் கத்தரி. இவருடைய கத்தரி, யாரையும் தொடவிடாமல் வைத்திருப்பாரே, அது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பிடியில் புதுசாக சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கூடவே மடக்குகிற கை ரம்பம் ஒன்று, கொடி கட்டுகிற சணல் ஒரு உருண்டை.

"சேச்சி, இது கொண்டு போகான் பற்றில்லா" என்றாள். கொண்டுபோகக் கூடாதாம்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கத்தரியைப் பார்த்தார். "நான் பெட்டியிலதான வச்சேன்" என்றார், மெதுவாக. "நல்லா விசாரிச்சு, பெட்டியிலதான் வைக்கணும்னு தெரிஞ்சு வச்சேன்."

அப்போதுதான் எனக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. வேலியில் கிடந்த சுள்ளி. மெஷினின் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பாமல் இருந்த முதுகு. இவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ரெண்டு சட்டைக்கு மேல் வேண்டாம் என்ற மனுஷன், நான் நிரப்பின பெட்டியின் அடியில், எனக்கே தெரியாமல், இதை வைத்திருக்கிறார். அதை நான் என் கையால் எடுத்துக்கொண்டுவந்து மாட்டிவிட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அதற்கு மேல் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

விமானக் கம்பெனியிலிருந்து கவுண்டர் பெண்ணையே வரவழைத்தார்கள். கத்தரியைத் தனியாக ஏற்ற முடியாது, பையோடு கொடுத்தால் கீழே அனுப்புகிறேன், பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்றாள்.

"விடு டீச்சரம்மா" என்றார் இவர். "கத்தரிதான, போகட்டும். அங்கன ஒண்ணு வாங்கிக்கலாம்." சொன்னாரே தவிர, கை அதன் பிடியிலேயே இருந்தது.

"கைய எடுங்க" என்றேன். கருப்பட்டியையும் மிட்டாயையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டிக்கொண்டேன். கத்தரி, ரம்பம், சணல் மூன்றையும் துண்டில் சுற்றி, இவருடைய சட்டைக்கும் வேட்டிக்கும் நடுவில் வைத்து, பையைப் பூட்டிக் கொடுத்தேன். சீட்டு ஒட்டினார்கள். கைப்பை மட்டும் போதும் என்று மூன்று வாரம் சண்டை போட்டவரின் கைப்பை, பெட்டிகளோடு கீழே போனது. அவர் வெறுங்கையை வீசிக்கொண்டு விமானத்தில் ஏறினார். நான் கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

விமானம் கிளம்பியதும் கேட்டேன். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ அவன்கிட்டச் சொல்லுவ."

"சொன்னா என்ன?"

அவர் இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கினார். "எல்லாத்தையும் நீதான சொல்ற" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக நான் இல்லையென்றால் இவர்களுக்குப் பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இருந்ததால்தான் பேச்சு இல்லையோ என்று அப்போது தோன்றியது. அந்த யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தேன்.

மகன் வேலை பார்க்கிற ஊரில் இறங்கியபோது காலை. பெட்டிகள் வருகிற பட்டைக்குப் பக்கத்தில் நின்றோம். என் இரண்டு பெட்டியும் வந்தன. ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள், பட்டையும் நின்றுவிட்டது. கைப்பை வரவில்லை. பெட்டி தவறிவிடும் என்று மகன் சொன்னான். பெட்டி தவறவில்லை, கைப்பை தவறிவிட்டது.

வெளியே வந்தோம். மகன் நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. முப்பது வயதில் நரை. "வாங்க" என்றான், பொதுவாக, இரண்டு பேரையும் பார்க்காமல். இவர் தலையை ஆட்டினார். நான் அழுதுகொண்டே பை காணாமல் போன கதையைச் சொன்னேன். அவன் எங்களை அதற்கென்று இருந்த ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். ஒரு தாளைக் கொடுத்தார்கள். பேர், விலாசம், பையின் நிறம் எல்லாம் எழுதினான். பிறகு பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"உள்ள என்ன இருக்குன்னு எழுதணுமாம். அப்பாகிட்டக் கேளும்மா."

இவர் ஒரு முழம் தள்ளி நின்றார். இவரும் என்னைத்தான் பார்த்தார்.

எனக்குப் பொறுமை போயிற்று. இருபது மணி நேரப் பயணம், மலைப்பாதை வாந்தி, இரண்டு கிலோ, எல்லாம் சேர்ந்து வந்தது. "நான் போன வருஷமே ரிட்டயர்டு ஆயிட்டேன்" என்றேன். "நீயே கேளு." கருப்பட்டிக் கவரை எடுத்துக்கொண்டு போய் அந்தண்டை இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அலுவலகத்திலிருந்த அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை காலை ஊன்றினேன், ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன்.

"உள்ள என்னப்பா இருக்கு?" என்றான் மகன், தாளைப் பார்த்தபடி.

"ரெண்டு சட்டை. வேட்டி." இவர் விரலை மடக்கி எண்ணினார். "ஒரு ஸ்வெட்டர். கத்தரி."

"என்ன கத்தரி?"

"கவாத்துக் கத்தரி. ஒரு ரம்பமும் கெடக்கு."

பேனா நின்றது. அவன் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். நாலு வருஷத்துக்கு அப்புறம் அப்போதுதான் பார்த்தான்.

"அது காயல" என்றார் இவர். "குளிருக்குத் தூங்குது. பிடுங்கிடப்போறாக."

"பிடுங்கல" என்றான் மகன். "பிடுங்கக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன்." குனிந்து எழுத ஆரம்பித்தான். வேற்று பாஷையில் அதற்கு என்ன வார்த்தை போட்டானோ தெரியாது. எழுதுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

பை வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் இவருக்கு மாற்றுச் சட்டை கிடையாது. மகன் சட்டையைத்தான் போட்டார். கை நீளம், இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார். மகன் தினமும் மூன்று தடவை கம்பெனிக்கு ஃபோன் போட்டான். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. "பை வந்துருச்சாமா?" "இன்னும் இல்லையாம்." அவ்வளவுதான். ஆனால் அதை என்னிடம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வாசலில் வண்டி வந்து பையைக் கொடுத்துவிட்டுப் போனது. இவர் சட்டையை எடுக்கவில்லை, துண்டைத்தான் எடுத்தார். பின்பக்கம் போய்க் கொடியின் தண்டை நகத்தால் சுரண்டி மகனுக்குக் காட்டினார். உள்ளே பச்சை. பிறகு வெட்டத் தொடங்கினார். மகன் இழுத்து இழுத்து ஓரமாகப் போட்டான். முக்கால்வாசி போனதும், "இம்புட்டையும் வெட்டுனா பொழைக்குமாப்பா?" என்றான். "வெட்டலைன்னாத்தான் பொழைக்காது" என்றார். அதற்கு அவன் ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, துளிர் விடுகிற கண்களில் எதை விட்டு எதை வெட்டுவது என்று அரைமணி நேரம் இரண்டு பேரும் சத்தமாகச் சண்டை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நான் இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உள்ளே வாங்க, குளிருது என்று கூப்பிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பத்தாம் நாள் டிக்கெட்டை மகன்தான் மாற்றினான். இவர் என் தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, "கவாத்த நீ பாத்துக்க. இங்கன கண்ணு வெடிக்கிறதப் பாக்காம எப்படி வாறது" என்றார். கண் வெடிக்கச் சித்திரை ஆனது. அதுவரைக்கும் இரண்டு சட்டைக்காரர் மகன் சட்டையிலேயே காலத்தை ஓட்டினார். சொன்னபடி ஒரு நாளும் துவைக்கவில்லை.

ஊருக்குத் திரும்புகிற வாரம் நான் மறுபடியும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை மகனிடம் நல்ல தராசு ஒன்று இருந்தது, எண்ணை நானே பார்த்துக்கொண்டேன். கத்தரியைத் தேடினேன். வழக்கமான இடத்தில் இல்லை. பிறகு பார்த்தால், அடுப்படிக்குப் பின்னால் மகன் சைக்கிள் சாமான் தொங்கவிடுகிற ஆணியில் தொங்கியது, எண்ணெய் போட்டுத் துடைத்து.

"ஏங்க, கத்தரிய எடுத்துக் குடுங்க. பெட்டியிலதான் வைக்கணும், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன்.

"அத எதுக்குப் போறப்பயும் வாறப்பயும் தூக்கிக்கிட்டு" என்றார் இவர். "இங்கனயே கெடக்கட்டும். அடுத்த மாசிக்கு வேணும்ல."